எவ்வளவு காலமாக?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். வாசகம்: மாற்கு 9:14-29)



வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ரஃபேல் என்ற ஓவியர் தீட்டிய மிகப் பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. 1520ஆம் ஆண்டில், தமது 37ஆவது வயதில் அவர் இறந்தார். அவரது கடைசி ஓவியம் அதுதான். அதன் மேல்பாதியில் நம் ஆண்டவர் மலைமேல் தோற்றம் மாறி, ஒளிவெள்ளத்தில் நிற்கிறார். கீழ்ப்பாதியில் இருள். அந்த இருளில், கண்கள் செருகி, கைகால்கள் முறுக்கிக்கொண்ட ஒரு சிறுவன். அவனை விழாமல் பிடித்திருக்கிறார் தகப்பன். மறுபக்கம் திருத்தூதர்கள். ஒருவர் கையில் புத்தகம் இருக்கிறது. ஆனாலும் என்ன செய்வதென்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.

நற்செய்தியில் இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வருகின்றன. மலைமேல் இருந்த பேதுருவுக்கு இறங்கிவர மனமில்லை. மூன்று கூடாரம் அடித்து அங்கேயே தங்கிவிடலாம் என்கிறார். ஆனால் ஆண்டவர் இறங்கி வருகிறார். இறங்கியதும் அவர் காண்பது என்ன? மக்கள் கூடி நிற்கிறார்கள். சீடர்களும் மறைநூல் அறிஞர்களும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். நோயுற்ற பிள்ளை நடுவில் கிடக்க, பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உம் சீடரிடம் கேட்டேன், அவர்களால் இயலவில்லை என்று தகப்பன் முறையிடுகிறார்.

அப்போது இயேசு அந்தத் தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்கிறார். இவனுக்கு இப்படி வருவது எவ்வளவு காலமாக என்கிறார். எல்லாம் அறிந்த ஆண்டவருக்கு இந்தக் கேள்வி தேவைதானா? தகப்பனுக்கு அது தேவைப்பட்டது. அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டதும் அவர் மனம் திறக்கிறார். சிறு வயதிலிருந்தே என்கிறார். நெருப்பில் விழுந்தது, தண்ணீரில் விழுந்தது எல்லாவற்றையும் சொல்லி அழுகிறார். அற்புதம் நடக்கும் முன்பே, அந்த மனிதரின் பாரத்தில் ஒரு பகுதி இறங்கிவிட்டது.

அன்பர்களே, இந்தத் தகப்பனைப் போன்ற பெற்றோர் நம் பங்கிலும் இருக்கிறார்கள். வலிப்பு நோயுள்ள பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளை, கோபம் வந்தால் தன்னையே அடித்துக்கொள்ளும் பிள்ளை. சில வீடுகளில் தீராத நோயும், கட்டுக்கடங்காத நடத்தையும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருக்கின்றன. அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று நமக்குத் தெரியுமா?

காலையில் மாத்திரை, இரவில் மாத்திரை. ஒருவேளை தவறினாலும் என்ன ஆகுமோ என்ற பயம். காய்ச்சல் அடித்தால் விடியும்வரை பிள்ளையின் நெற்றியில் கைவைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். பள்ளியிலிருந்து போன் வந்தாலே வயிறு கலங்கும். அடித்துவிட்டான், கடித்துவிட்டான், வகுப்பைவிட்டு ஓடிவிட்டான், உடனே வந்து கூட்டிப்போங்கள் என்பார்கள். இப்படி அடிக்கடி ஓடினால் எந்த முதலாளி வேலையில் வைத்திருப்பார்? கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. போனாலும் பந்தியில் உட்கார முடியாது. இது யார் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது என்று கணவன் மனைவிக்குள் சண்டை வரும். மூத்த பெண் பத்து வயதிலேயே பாதி அம்மாவாகிவிடுவாள். அவள் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்தத் தாய் ஞாயிறு திருப்பலிக்கு வந்தால், நாம் அவரிடம் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கின்றன. "ஏம்மா, பிள்ளையைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போகக்கூடாதா?" "வீட்டுல தினமும் ஜெபமாலை சொல்றீங்களா?" "ரெண்டு அடி போட்டு வளர்த்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" கேட்பவருக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. கேட்டுக்கொண்டவர் அதை வீடுவரை சுமந்துகொண்டு போகிறார். இரண்டு வாரம் பின்வரிசையில் நிற்கிறார். மூன்றாவது வாரம் வாசலில் நிற்கிறார். பிறகு அவர் வருவதே இல்லை. அவர் வராததை நாம் கவனிப்பதும் இல்லை.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டிச் சீடர்களும் இப்படித்தான் கேட்டார்கள். பாவம் செய்தது இவரா, இவருடைய பெற்றோரா என்றார்கள். இருவருமே இல்லை என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆண்டவர் தள்ளிவிட்ட கேள்வியை நாம் மறுபடியும் எடுத்துக் கேட்கலாமா?

இந்த இடத்தில் ஒரு புனிதக் குடும்பத்தின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். குழந்தை இயேசுவின் புனித தெரசாவை அறியாதவர் நம்மில் இல்லை. அவருடைய பெற்றோரான லூயி மார்ட்டினுக்கும் செலிக்கும் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கினார். லூயி கடிகாரம் செய்பவர். செலி அலென்சோன் நகரில் பின்னல் சரிகை வேலை நடத்தியவர். அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள். நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். எஞ்சிய ஐவரும் பெண்கள், ஐவரும் துறவிகளானார்கள். இதைக் கேட்கும்போது, அந்த வீட்டில் தொல்லையே இருந்திருக்காது, எல்லாரும் சம்மனசுகளாகப் பிறந்திருப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அந்த வீட்டில் லெயோனி என்று ஒரு பெண் இருந்தாள்.

லெயோனி மூன்றாவது பிள்ளை. 1863ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தாள். பிறந்த முதல் ஆண்டு முழுவதும் பிழைப்பாளா மாட்டாளா என்ற நிலை. கக்குவான் இருமல், தட்டம்மை, அதோடு வலிப்பு. உடலெல்லாம் அரிக்கும் எக்ஸிமா என்ற தோல்நோய் வேறு. அக்காள்மார் இருவரும் படிப்பில் கெட்டிக்காரிகள். இவளுக்குப் படிப்பு ஏறவில்லை. பிடிவாதம், முரட்டுத்தனம், சொன்ன சொல் கேளாமை. செலியின் சொந்தச் சகோதரி லெ மான் நகரின் விசிட்டேஷன் மடத்தில் துறவியாக இருந்தார். அங்கிருந்த பள்ளியில் ஒருமுறைக்கு மேல் சேர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் லெயோனி வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள்.

செலி தம் உறவினருக்கு எழுதிய கடிதங்கள் இருநூறுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. இந்தப் பிள்ளையை நினைத்து அவர் கலங்குவது அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. இவளை எப்படி மாற்றுவது என்றே தெரியவில்லை என்று அந்தத் தாய் தவிக்கிறார். அதே கடிதங்களில், இவளுக்கு நல்ல மனம் இருக்கிறது என்றும் எழுதுகிறார். கலக்கம், நம்பிக்கை இரண்டுமே அந்தத் தாயின் உள்ளத்தில் இருந்தன. திருச்சபை புனிதர் என்று அறிவித்திருப்பது இப்படித் தவித்த ஒரு தாயைத்தான்.

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் உண்மை வெளியே வந்தது. வீட்டில் பல ஆண்டுகளாக வேலை செய்த பணிப்பெண் லெயோனியை மிரட்டியும் அடித்தும் தன் பிடிக்குள் வைத்திருந்தாள். வெளியே சொன்னால் இன்னும் அடி விழும் என்ற பயத்தில் பிள்ளை வாய் திறக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் தாய்க்கு இது தெரியாமல் போயிற்று. மூத்தவள் மரியாதான் கண்டுபிடித்தாள். செலி உடனே அந்தப் பணிப்பெண்ணின் அதிகாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். மகளைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். சில வாரங்களிலேயே பிள்ளையிடம் மாற்றம் தெரிந்தது. அம்மாவைவிட்டு நகராத பிள்ளையானாள்.

ஆனால் செலி அப்போது மார்பகப் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் இறந்தார். லெயோனிக்கு வயது 14.

அன்பர்களே, இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் மூன்று சிந்தனைகளை இன்று மனத்தில் இருத்துவோம்.

முதலாவது, பிள்ளையின் நடத்தைக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. லெயோனியின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் பயம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை உடம்பால்தான் சொல்லும். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை எதுவாகவும் இருக்கலாம். கூம்பு ஒலிபெருக்கியும் வேட்டுச் சத்தமும் சில பிள்ளைகளின் காதில் அடிபோல விழும். வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளே சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டுவதுண்டு. ஆகவே ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வாருங்கள். பிள்ளை கத்தியபோது மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, யார் கூட இருந்தார்கள், என்ன சாப்பிட்டான், நாம் என்ன செய்தபோது அடங்கினான் என்று குறியுங்கள். ஒரு மாதம் எழுதிய பின் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்தோறும் கூட இருந்தும் கண்ணில் படாதது எழுத்தில் தெரியும்.

பழகிய ஒருவரைக் கண்டதும் பிள்ளை ஒளிந்துகொண்டாலோ, இதுவரை இல்லாத முரட்டுத்தனம் திடீரென்று வந்தாலோ, அதை அடம் என்று தள்ளிவிடாதீர்கள். லெயோனியை நினைத்துக்கொள்ளுங்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். அடி இந்தப் பிள்ளைகளைத் திருத்தாது. ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளை இன்னும் பயந்துபோகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, செபமும் மருந்தும் ஒரே கடவுளின் கொடை. நோயாளி கடவுளை மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்று சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறது. வலிப்பு பேய் பிடித்ததால் வருவதன்று. மூளையின் மின்னோட்டத்தில் திடீரென்று ஏற்படும் குழப்பம் அது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்றும், சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 விழுக்காடு பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. அந்த மருந்தும் இறைவன் தந்ததுதானே?

நேர்ச்சை வைத்தோம், கோயிலுக்கு நடந்து போய்வந்தோம், இனி மாத்திரை வேண்டாம் என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அது விசுவாசம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நேர்ச்சையைச் செலுத்துங்கள், மாத்திரையையும் கொடுங்கள். மருந்தைக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

கோயிலிலோ தெருவிலோ ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் நாம் செய்ய வேண்டியதையும் தெரிந்துகொள்வோம். சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிப்பதால் பயனில்லை. வாய்க்குள் கரண்டியோ துணியோ விரலோ வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. கைகால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். கூட்டம் கூடி நின்று வேடிக்கை பார்த்தால் பிள்ளைக்குக் காற்றும் கிடைக்காது, தாய்க்கு மானமும் மிஞ்சாது.

மூன்றாவது, இந்தப் பிள்ளையை வளர்ப்பது பங்குக் குடும்பம் முழுவதற்கும் உரிய பொறுப்பு. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட "அன்பின் மகிழ்வு" என்ற ஊக்கவுரையில், மாற்றுத்திறனுள்ள பிள்ளையை அன்போடு ஏற்று வளர்க்கும் குடும்பங்கள் திருச்சபைக்கு அரிய சாட்சியம் தருகின்றன என்று கற்பிக்கிறார். பாராட்டிவிட்டு நாம் நம் வீட்டுக்குப் போய்விடலாமா?

அன்பியக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணிநேரம் அந்தப் பிள்ளையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அந்தத் தாய் நிம்மதியாகத் தலைக்குக் குளிப்பார், ஒரு தூக்கம் தூங்குவார், பாவசங்கீர்த்தனம் செய்ய வருவார். அந்த வீட்டின் மற்றப் பிள்ளைகளை உங்கள் பிள்ளைகளோடு விளையாடக் கூட்டிச் செல்லுங்கள். கோயிலில் பக்கவாசலுக்கு அருகே ஒரு பெஞ்சை இந்தக் குடும்பங்களுக்கு என்று ஒதுக்குங்கள். பிள்ளை அலறினால் ஐந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டுத் திரும்பி உள்ளே வர அது வசதி. மறைக்கல்வி ஆசிரியர்களே, மந்திரம் மனப்பாடம் சொல்லத் தெரியவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் புதுநன்மையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். இது சாதாரண அப்பமல்ல, இயேசு என்று அந்தப் பிள்ளை தன்னால் இயன்ற வகையில் காட்டுகிறதா என்று பாருங்கள். பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

அரசு தருவதையும் கேட்டு வாங்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உட்பட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் இளைஞர் கூடப் போனாலே அந்தப் பெற்றோருக்கு அரைநாள் அலைச்சல் மிச்சமாகும். வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளையோரும் இதை ஒரு பணியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பெற்றோராகிய உங்களிடம் ஒரு வார்த்தை. களைப்பு பாவமல்ல. என்னால் முடியவில்லை என்று சொல்வதும் பாவமல்ல. ஆண்டவர் முன் நின்ற அந்தத் தகப்பன், நம்புகிறேன் என்று சொன்ன அதே மூச்சில், என் நம்பிக்கைக் குறைவுக்கு உதவும் என்றும் மன்றாடினார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பாதி நம்பிக்கையையும் ஏற்றுக்கொண்டார்.

எல்லாப் பிள்ளைகளும் முழுமையாகக் குணமாவார்கள் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. லெயோனியின் தோல்நோய் அவர் வளர்ந்த பிறகும் விடவில்லை. 1886இல் கிளாரா மடத்தில் சேர்ந்தவர் அந்த நோயினால் இரண்டு மாதத்துக்குள் வெளியேறினார். அடுத்து கான் நகரின் விசிட்டேஷன் மடத்தில் சேர்ந்தார், திரும்பினார். மறுபடி சேர்ந்தார், மறுபடி திரும்பினார். தங்கை தெரசா இறந்த பிறகு, 1899இல், நான்காவது முறையாக மடத்துக் கதவைத் தட்டினார். இந்த முறை நிலைத்தார். 42 ஆண்டுகள் அமைதியும் பணிவும் நிறைந்த துறவியாக வாழ்ந்து, 1941இல் தமது 78ஆவது வயதில் இறந்தார். பள்ளி திருப்பி அனுப்பிய அந்தப் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான பணியைப் பாயே-லிசியே மறைமாவட்டம் 2015இல் தொடங்கியது.

தாய் செலி இதில் எதையும் உயிரோடு இருந்து பார்க்கவில்லை. விதைத்தார், தண்ணீர் ஊற்றினார், போய்விட்டார். உங்கள் உழைப்பின் பலனும் உங்கள் கண்ணுக்கு இன்று தெரியாமல் இருக்கலாம். இறைவன் கண்ணுக்குத் தெரிகிறது.

நற்செய்தியில் அந்தச் சிறுவன் கீழே கிடந்தபோது, செத்துவிட்டான் என்று பலர் சொல்லிவிட்டார்கள். இயேசு குனிந்து, அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். அவனும் எழுந்து நின்றான். இந்த வாரம் நம் பங்கில் அப்படி ஒரு வீட்டைத் தேடிப் போவோம். அறிவுரை வேண்டாம். எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்போம்.

செபிப்போம். இரக்கமுள்ள தந்தையே, நோயோடும் மன வேதனையோடும் வளரும் எங்கள் பிள்ளைகளை உம் கரத்தில் ஒப்படைக்கிறோம். அவர்களைச் சுமக்கும் பெற்றோருக்குப் பொறுமையும் உறக்கமும் நல்ல துணையும் தாரும். மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் ஆசீர்வதியும். அவர்களை விலக்கிவிடாத பங்குக் குடும்பமாக எங்களை மாற்றியருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.